திரையில் ஏறிய விமானம்

1988 ஜூலை 3. ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 வானில் இருந்தது ஏழே நிமிடம்தான். அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஏவிய ஏவுகணைகள் அதைச் சிதறடித்தன. 290 பேர் இறந்தார்கள். அவர்களில் 66 பேர் குழந்தைகள்.

கப்பலில் இருந்த ஏஜிஸ், ரேடாரையும் ஆயுதங்களையும் கணினியால் இணைத்த, அந்தக் காலத்தின் மிக நவீனமான அமைப்பு. அது தவறு செய்யவில்லை. விமானம் மேலே ஏறுகிறது, பயணி விமானத்துக்குரிய அடையாளக் குறியீட்டை அனுப்புகிறது என்ற இரண்டையும் சரியாகவே பதிவுசெய்திருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் கேட்ட குரல்களோ, எஃப்-14 போர் விமானம் ஒன்று இறங்கி வருவதாகச் சொல்லின. கப்பல் அப்போது ஈரானியப் படகுகளோடு சண்டையில் இருந்தது. தாக்க வருகிறார்கள் என்று மனம் முடிவுகட்டிவிட்டால், கண்முன் இருக்கும் எண்களையும் அதற்கேற்பத்தான் படிக்கும். போதாக்குறைக்கு, விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரை நேரடியாகக் காட்டாது. உயர எண்களை அடுத்தடுத்துப் பார்த்து ஆளே கணக்குப் போட வேண்டும்.

சரி, முடிவை இயந்திரத்திடமே விட்டுவிட்டால்? 2003 இராக் போரில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னேடோ விமானத்தை, அமெரிக்காவின் பேட்ரியட் வான்காப்பு அமைப்பு எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இயக்குபவர்களுக்கு இருந்தது, நேரம்தான் இல்லை. மென்பொருளை நம்பும்படியே அவர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டிருந்தது. விமானத்திலிருந்த இருவரும் இறந்தார்கள். அடுத்த பத்து நாளில் அமெரிக்காவின் சொந்தப் போர் விமானம் ஒன்றையும் பேட்ரியட் வீழ்த்தியது.

ஒரு சம்பவத்தில் சரியாகச் சொன்ன இயந்திரத்தை மனிதர் கேட்கவில்லை, இன்னொன்றில் தவறாகச் சொன்னதைக் கேட்டார்கள். இரண்டிலும் 'குற்றவாளி யார்' என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. போர்க்குற்றம் என்று சொல்ல, செய்தவர் மனதில் நோக்கமோ அறிந்தே செய்ததோ இருந்தாக வேண்டும். ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை, இலக்கு குடிமக்கள் இல்லை என்று உறுதிசெய்ய 'சாத்தியமான அனைத்தையும்' செய்யச் சொல்கிறது. வின்சென்ஸ் கேப்டனுக்கு முடிவெடுக்கக் கிடைத்ததோ நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அதில் என்ன சாத்தியம்?

தளபதியைப் பிடிக்கலாமே என்று தோன்றும். ஜப்பானியத் தளபதி யமஷிதாவை 1946இல் தூக்கிலிட்டது, கீழிருந்தவர்கள் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காக. (அந்தத் தீர்ப்பு நியாயமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அது தனிக்கதை.) ஆனால் இந்த ஏணியில் ஏற, கீழ்ப் படியில் ஒரு குற்றம் வேண்டும். கீழே எல்லோரும் நல்லெண்ணத்தோடு தவறியிருந்தால் மேலே ஏற வழியே இல்லை.

என்னைக் கேட்டால், தேட வேண்டிய இடம் வேறு. திரை எதைக் காட்ட வேண்டும், எத்தனை நொடி தர வேண்டும், இயந்திரத்தை எவ்வளவு நம்பச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் போருக்கு வெகு முன்பே, அவசரமில்லாத மேசைகளில் முடிவானவை. யோசிக்க நேரம் இருந்தது அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான்.

வின்சென்ஸ் கேப்டனுக்குப் பிறகு பதக்கம் கிடைத்தது, அந்தக் கப்பலை நடத்திய காலத்துக்காக. 1996இல் அமெரிக்கா 6.18 கோடி டாலரை இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தர ஒப்புக்கொண்டது, சட்டப் பொறுப்பை ஏற்காமலேயே.