கூரையில் சோலார் பூட்ட முன்: முற்பணத்தைக் கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்கள்

2030இல் இலங்கையின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வழிகளில் வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. மின்துறையைச் சீர்திருத்த 2024இல் பாராளுமன்றம் 36ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தியது. கூரையில் சோலார் பூட்ட நினைக்கும் குடும்பத்தின் அலைச்சல் இதனால் குறைந்ததாக நான் காணவில்லை.

சனம் அதிகம் மாட்டுவது ட்ரான்ஸ்போமரில். உங்கள் வீட்டுக்குக் கரண்ட் தரும் ட்ரான்ஸ்போமர் தாங்கும் அளவு ஏற்கெனவே மற்றவர்களின் சோலாருக்குக் கொடுபட்டிருந்தால் உங்கள் சோலாரை இணைக்க அனுமதி கிடையாது. இது தெரியாமல் கம்பனிக்கு முற்பணம் கட்டி, வங்கிக் கடனும் எடுத்துவிடுகிறார்கள். தகடு கூரையில் கிடக்கும், மீற்றர் வராது, தவணை மட்டும் மாதாமாதம் ஓடும். “அனுமதி நாங்கள் எடுத்துத் தருவோம்” என்று கம்பனிக்காரர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வந்தபிறகுதான் காசு.

அடுத்தது பெயர். மின்பட்டியல் இறந்துபோன தகப்பன் பெயரில் இருக்கும், காணி உறுதி அண்ணன் பெயரில் இருக்கும், அண்ணன் கனடாவில் இருப்பார். இப்படியான வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனை! விண்ணப்பத்தோடு பெயர்மாற்றத்தையும் சேர்த்துச் செய்யலாம் என்று நினைத்தால் இரண்டும் இழுபடும். பெயர்மாற்றத்தை முதலே முடியுங்கள்.

எந்த முறையில் சேருகிறீர்கள் என்பதையும் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். நிகர அளவீட்டில் மிஞ்சும் யூனிற் அடுத்த பட்டியலுக்குப் போகும், காசு வராது. நிகரக் கணக்கீட்டில் மிஞ்சியதற்குக் காசு வரும். நிகர பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்கிறீர்கள், பாவிக்கும் கரண்டுக்குத் தனியாகக் கட்டுகிறீர்கள். விலையும் ஒப்பந்தத்தில் உள்ளதுதான்: 2016இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 ஆண்டு யூனிற்றுக்கு 22 ரூபா, மிகுதி 13 ஆண்டு 15.50 ரூபா. எட்டாம் ஆண்டில் வருமானம் குறைந்ததும் பதறியவர்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே யாரும் வாசித்துச் சொல்லவில்லை. புதிய விலைகள் அடிக்கடி மாறுகின்றன. கம்பனியின் துண்டுப்பிரசுரத்தில் உள்ள விலையை வைத்துக் கடன் கணக்குப் போடாதீர்கள்.

பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் கருவி), கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. அப்படியான நாட்களில் விற்க ஒன்றும் இருக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

“ட்ரான்ஸ்போமர் நிறைந்துவிட்டது” என்று மின்சாரக் கந்தோரில் வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வராதீர்கள். அந்த ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவு எவ்வளவு, அதில் எவ்வளவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தின் பிரதியில் கந்தோர் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத வேண்டி வந்தால் அந்தப் பிரதியையும் இணைத்து அனுப்புங்கள்.