ராக்கெட் எங்கே விழும்? வீட்டு விளம்பரத்தைத் தீயின் கணக்கில் படிப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து வீடு விற்பனை விளம்பரங்களைப் புரட்டினால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: மூன்று படுக்கையறை, இரட்டைக் கராஜ், லாப்பா எனும் புல் வேய்ந்த திறந்த பந்தல், இறைச்சி சுடும் ப்ராய் அடுப்பு, பின்கட்டில் வெண்டி ஹவுஸ் எனும் மரக்குடில், மின்வேலி. அந்த வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வெருலத்திலோ வீடு தேடும் தமிழ்க் குடும்பம் வாசல் எந்தத் திசை, பூஜை அறைக்கு இடம் உண்டா என்று பார்க்கும். தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்த எந்த இடம் ஏற்றது என்று கேட்பவர் அரிது. ஆனால் அந்த விளம்பரத்தில் வசதி என்று சொல்லப்படும் பலவற்றுக்கும் தீயின் கணக்கில் வேறொரு மதிப்பு உண்டு. பட்டாசிலிருந்து வெளியேறுவது என்ன, அது விழும் இடத்தில் நடப்பது என்ன என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மதிப்பு புரியும்.

எரிபொருளையும், அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் உப்பையும் ஒன்றாகக் கலந்து பொதிந்ததுதான் பட்டாசு. பழைய கருமருந்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பும் 15 விழுக்காடு கரியும் 10 விழுக்காடு கந்தகமும் இருக்கும். கம்பி மத்தாப்பில் பேரியம் நைட்ரேட், அலுமினியத் தூள், இரும்புத் தூள் ஆகியவற்றைப் பசையில் குழைத்து எஃகுக் கம்பியில் ஏற்றியிருப்பார்கள். ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால், எரியும் பட்டாசின் மேல் துணியைப் போட்டோ வாளியைக் கவிழ்த்தோ காற்றை அடைத்து அணைத்துவிடலாம் என்று நினைப்பது வீண். பத்துப் பதினைந்து மத்தாப்புகளைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்துவது இன்னும் ஆபத்தானது. ஒன்றின் வெப்பம் மற்றொன்றைப் பற்றவைக்க, நிதானமாக எரிய வேண்டிய கலவை நொடிப்பொழுதில் சீறி எரிந்துவிடும்.

மத்தாப்பின் பொறி கையில் தெறித்தால் லேசாகச் சுரீர் என்பதோடு சரி. எரிந்து முடிந்த கம்பியை மிதித்தாலோ காலே வெந்துபோகிறது. பொறியின் வெப்பநிலை கம்பியினுடையதை விட மிக அதிகம் என்பதை வைத்துப் பார்த்தால் இது விந்தையாகத் தோன்றும். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்பதே இதற்கு விடை. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் துகள் ஒன்று 1,500 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், அதன் எடை ஒரு கிராமில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது சுமக்கும் வெப்பம் ஒரு ஜூலில் ஆயிரத்தில் சில பங்குதான். மூன்று கிராம் எடையுள்ள கம்பி 600 டிகிரியில் இருந்தால் அதில் தேங்கியிருக்கும் வெப்பம் ஏறத்தாழ 1,000 ஜூல். செந்நிறம் மறைந்து கறுத்த பிறகும் அந்தக் கம்பி தோலைச் சுடும் சூட்டில் இருக்கும். பார்வைக்கு மட்டும் ஆறிப்போனதாகத் தெரியும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் முற்றத்தில், தரையில் வீசப்பட்ட கம்பியே பல தீக்காயங்களுக்குக் காரணம். எரிந்த கம்பியை உடனே தண்ணீர் வாளியில் போடச் சொல்வது இதனால்தான். காயம் பட்டுவிட்டால் பற்பசையும் வெண்ணெயும் தேடாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

ராக்கெட்டின் கதை வேறு. அதன் பின்னால் நீண்டிருக்கும் குச்சி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தலை ஒரு பக்கம் சாய்ந்தால், குச்சியின் மேல் மோதும் காற்றே அதை நேராக்கும். ஆனால் வேகம் பிடித்த பிறகுதான் காற்றால் இது இயலும். கிளம்பும் அந்தக் கணத்தில் ராக்கெட்டுக்கு வழிகாட்ட ஆளில்லை. ஆடும் பீர் பாட்டிலில் செருகிவைத்தால் பாட்டில் சாய்ந்த திசையிலேயே அது பாயும். குச்சியை மண்ணில் அழுத்தி நட்டுவிட்டாலோ கிளம்பவே முடியாமல் நின்ற இடத்திலேயே வெடிக்கும். மணல் நிரப்பிய வாளியில் ஒரு குழாயை நேராகப் புதைத்து, குச்சி தடையின்றி வழுக்கிச் செல்லும்படி அதனுள் விடுவதே சரி.

காற்று வீசும் நாளில் ராக்கெட் செய்யும் ஒன்றைப் பெரும்பாலோர் எதிர்பார்ப்பதில்லை. உந்துமருந்து எரியும் வரை அது காற்றின் போக்கில் ஒதுங்காமல், காற்று வரும் திசையை நோக்கியே தலையைத் திருப்பும். வால்பகுதியைக் காற்று தள்ளுவதால் விளைவது இது. மருந்து தீர்ந்த பிறகுதான் குச்சியும் கனலும் அட்டைக்குழலும் காற்றோடு மிதந்து இறங்கும். ஆக, காற்று போகும் பக்கத்தில் வீடு இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. காற்று வரும் பக்கத்து அண்டை வீட்டுக் கூரையும் கணக்கில் வரும்.

விழுவது என்ன என்பதை விட, எதன் மேல் விழுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. கனலும் அட்டைத் துண்டு ஓட்டுக்கூரையில் விழுந்தால் புகைந்து அடங்கிவிடும். லாப்பாவின் மேல் விழுந்தால் அப்படி அடங்காது. வேய்ந்த புல்லின் ஒவ்வொரு தாளும் மெல்லியது. எடைக்கு ஒப்பிட்டால் அதன் புறப்பரப்பு மிகப் பெரிது. தாள்களுக்கிடையே காற்றும் உண்டு. எனவே சிறு வெப்பமே அதன் ஒரு நுனியைப் பற்றும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். தீ உள்ளே இறங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமாகிறது. மழைநீர் வழிந்தோட வேண்டும் என்றே வேயப்பட்ட கூரை தீயணைப்புக் குழாயின் நீரையும் வெளியே வழியவிடும். புல்லடுக்கின் உள்ளே தீ ஊர்ந்துகொண்டே போகும். காப்பீட்டு நிறுவனங்கள் புல்கூரைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது வெறும் பேராசையால் அல்ல.

டர்பன் ஈரப்பதம் மிகுந்த ஊர்தானே என்று சிலர் தேற்றிக்கொள்வார்கள். அதில் பாதி உண்மைதான். மெல்லிய உலர்புல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆனால் சில மணி நேர வறண்ட காற்றிலேயே அதை இழந்தும்விடும். உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் பெர்க் காற்று, ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறி, உலர்ந்து வந்து சேர்கிறது. குளிர்காலத்தில் இது அதிகம் என்றாலும், இங்கே தீபாவளி வரும் வசந்தத்திலும் வீசுவதுண்டு. அது ஓய்ந்ததும் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று திரும்பி அடிக்கும். காலையில் பார்த்துவைத்த காற்றின் திசையை மாலைக்கு நம்பியிருக்கக் கூடாது.

லாப்பா இல்லாத வீட்டிலும் தீக்கு இடங்கள் உண்டு. கூரை ஓரத்து நீர்த்தாரையில் சேர்ந்த மாமரச் சருகு, வெண்டி ஹவுஸுக்கும் மதிலுக்கும் நடுவே குவித்த ப்ராய் விறகு, கொடியில் மறந்துவிட்ட துணி என்று அவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம். சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டப்பட்டவற்றுள் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டை வீடுகள் நிறைய. இத்தகைய வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நடுச்சுவர் அறையின் மேல்தட்டோடு (சீலிங்) நின்றுவிடுகிறதா, கூரை ஓடு வரை எழுகிறதா? மேல்தட்டோடு நின்றிருந்தால் ஒரு வீட்டின் கூரை இடுக்கில் பற்றிய தீக்கு மறுவீட்டுக்குப் போகத் தடையே இல்லை.

கராஜையும் விட்டுவிட முடியாது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும் பல வீடுகளில் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பெட்ரோல் சுமார் கழித்தல் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். அந்த ஆவியும் சமையல் எரிவாயுவும் காற்றை விடக் கனமானவை என்பதால் தரையோடு ஊர்ந்து கதவிடுக்கு வழியே வெளியே வரும். கராஜ் கதவுக்கு முன்னால் உள்ள சிமென்ட் தளம் பட்டாசுக்கு ஏற்ற இடம்தான். கேனை அப்புறப்படுத்தி, கதவைச் சாத்திய பிறகே அது ஏற்றதாகிறது.

தென்னாப்பிரிக்காவின் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் விதிகள் கட்டடத்துக்குள்ளும் பொது வழியிலும் பட்டாசு கொளுத்துவதைத் தடுக்கின்றன. 16 வயதுக்கு உட்பட்டவர் பெரியவரின் கண்காணிப்பின்றிக் கையாளவும் கூடாது. நேரமும் இடமும் அந்தந்த நகராட்சியின் விதியைப் பொறுத்தவை. வெடிக்காத பட்டாசை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்குச் சட்டம் தேவையில்லை, வேதியியலே போதும். நமத்த திரியின் உள்ளே கனல் கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்துகொண்டிருக்கலாம். உலர்ந்த பகுதியை எட்டியதும் அது வேலையைக் காட்டும்.

இங்கே வீடு கைமாறும்போது மின்னிணைப்புக்குச் சான்றிதழ் வேண்டும், எரிவாயு இணைப்பு இருந்தால் அதற்கும் வேண்டும். கடலோர மாநிலங்களில் மரம் துளைக்கும் வண்டு இல்லை என்ற சான்றும் வழக்கத்தில் உண்டு. கூரையில் விழும் ஒரு கனலைப் பற்றி இவற்றில் எதுவும் பேசுவதில்லை. ஆகவே வீட்டைப் பார்க்கப் போகிறவர் முகவரிடம் தாமே கேட்க வேண்டியவை சில: லாப்பாவுக்குத் தீத்தடுப்புப் பூச்சு எப்போது அடித்தார்கள், அதற்கு ரசீது இருக்கிறதா, லாப்பா இருப்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியுமா, தோட்டக் குழாய் கூரையின் மறுகோடி வரை எட்டுமா.