ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு வாடகை ஆயிரமா, மூவாயிரமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு வருடக் கணக்கு எழுதித் தருகிறேன். பில் கட்டைப் பிரித்தபோது இயந்திர வாடகை ஒரு பக்கம், டோனர் (மைத்தூள்) பில் ஒரு பக்கம் கிடந்தன. இரண்டையும் கூட்டிப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"மாசம் ரெண்டாயிரம் மிச்சமாகுதேன்னுதான் சார் இதை எடுத்தேன்" என்றார்.

அவருக்குச் சொல்லப்பட்ட திட்டங்கள் இரண்டு. ஒன்றில் மாத வாடகை 3,000 ரூபாய், பிரதிக்கு 20 பைசா, டோனர் அவர்கள் பொறுப்பு. மற்றதில் வாடகை 1,000, பிரதிக்கு 25 பைசா, டோனர் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து பைசாதானே என்று இரண்டாவதில் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டோனர் 2,000 ரூபாய். அவர் இயந்திரத்தில் சுமார் 10,000 பிரதி வருகிறது. டோனருக்கு மட்டும் பிரதிக்கு 20 பைசா. அப்படியென்றால் இரண்டாவது திட்டத்தின் நிஜ விலை 45 பைசா.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் நேரியல் சமன்பாடுதான். பிரதிகளின் எண்ணிக்கை 'ப' என்றால்:

3000 + 0.20ப = 1000 + 0.45ப

ப = 8,000. மாதம் அதற்குக் கீழே ஓடினால் இரண்டாவது லாபம், மேலே போனால் முதலாவது. டோனரைச் சேர்க்காமல் போட்டால் இதே கணக்கில் 40,000 வரும். அக்கா தவறியது அங்கேதான். அவர் கடையில் மாதம் 14,000 ஓடுகிறது. முதல் திட்டத்தில் 5,800 ஆகும். இவர் கொடுப்பது 7,300. மாதம் 1,500 என்றால் மூன்று வருடத்தில் 54,000 ரூபாய். ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகச் சேரும் கடையில் இது சின்னப் பணம் இல்லை.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்பார்கள். வாடகை, பிரதிக் கட்டணம், டோனர் எல்லாவற்றுக்கும் ஒரே 18 சதவீதம் என்றால் இரு பக்கமும் ஒரே அளவில் கூடும், 8,000 மாறாது.

நான் அதிகம் பயப்படுவது 'மினிமம் காப்பி' என்ற வரிக்கு. மாதம் 5,000 மினிமம் என்றால், ஓடாவிட்டாலும் 5,000-க்குப் பணம். அங்கே செலவை வரைபடமாகப் போட்டால் கோடு நேராக இருக்காது, சராசரி ஏமாற்றும். ஏப்ரலில் 2,000, ஜூனில் 10,000 ஓடினால் ஓடியது 12,000. பில் வருவது 15,000-க்கு. இப்படிப்பட்ட ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அக்கா இப்போது 1-ஆம் தேதி கடை திறந்ததும் மீட்டர் ரீடிங்கைக் காலண்டரில் குறிக்கிறார், டோனர் மாற்றிய தேதியையும். ஒப்பந்தம் முடிய இன்னும் 14 மாதம். முன்னதாக முடித்தால் எவ்வளவு கட்டச் சொல்வார்கள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். 21,000-க்குக் குறைவாக இருந்தால், முதல் திட்டத்துக்கு இப்போதே மாறிவிடலாம்.