டி டிரைவில் இருந்தால் பத்திரம் என்று யார் சொன்னது?

இந்த மாதமும் ஒரு கம்பஸ் பிள்ளை லெப்டொப்போடு என் கல்லடிக் கடைக்கு வந்தார். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறார், அது நன்றாகவே ஓடுகிறது. விண்டோஸ்தான் இல்லை, ஆய்வறிக்கையும் இல்லை. "அண்ணே, நான் சி-யைத்தானே அழிச்சேன்? எல்லாம் டி-யில கிடந்தது" என்கிறார். இதே வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பிள்ளைகளே, டி என்பது பெரும்பாலான லெப்டொப்களில் தனி டிஸ்க் அல்ல. ஒரே வளவுக்கு நடுவில் வேலி போட்ட மாதிரி. வெள்ளம் வந்தால் இரண்டு பக்கமும்தான் போகும். நம்பாவிட்டால் விண்டோஸில் உள்ள டிஸ்க் மெனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 0 என்ற ஒரே வரிசையில் சி, டி இரண்டும் இருந்தால், உங்களிடம் இருப்பது ஒரே டிஸ்க். 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று உபுண்டு கேட்பது அந்த வரிசை முழுவதையும்தான். அதற்கு சி-யும் தெரியாது, டி-யும் தெரியாது. சி-யில் இருந்ததை டி-க்கு மாற்றிவிட்டு "பெக்கப் எடுத்தாச்சு" என்று சொல்லாதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அதைக் கழற்றி மேசையில் வைத்தால்தான் பெக்கப்.

மீட்கலாம்தானே என்பார்கள். பழைய சுழலும் டிஸ்க் என்றால் ஏதாவது தோண்டி எடுக்கலாம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால், போர்மட் ஆகும்போதே 'இந்த இடம் இனித் தேவையில்லை' என்று சொல்லும் டிரிம் கட்டளை அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு வாசித்தால் பெரும்பாலும் பூச்சியம்தான் வரும். காசு வாங்கிக்கொண்டு கைவிரிக்க எனக்கும் மனம் வராது.

லினக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, பழைய மெஷினுக்கு அது நல்ல வழிதான். ஆனால் முறையாகச் செய்யுங்கள். லினக்ஸுக்கு இடம் எடுக்க, இருக்கும் பகுதியை விண்டோஸுக்குள் இருந்தே சுருக்குங்கள். வந்த இடத்தைப் போர்மட் செய்யாமல் வெறுமையாக விடுங்கள். விண்டோஸை முழுதாக அணைய விடாத பாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். விண்டோஸ் 11 என்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதாமல் எதையும் தொடாதீர்கள். போனில் படம் எடுத்தாலும் சரி, அதே லெப்டொப்பில் மட்டும் சேமிக்காதீர்கள்! 100 எம்பி அளவில் ஒரு சின்னப் பகுதி இருக்கும், 'இது எதற்கு' என்று அழித்துவிடுவார்கள். மெஷின் எழும்புவதே அதனால்தான். பார்ட்டிசனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியை, நகர்த்தும் வேலை மணிக்கணக்கில் ஓடும். பட்டரி செத்த லெப்டொப்பில் அதைத் தொடங்கி, நடுவில் கரண்ட் போனால் என்னிடம் அழ வேண்டாம்.

ஒரு பாடத்தின் செய்முறைக்கு மட்டும் லினக்ஸ் தேவையென்றால், தயவுசெய்து விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு மெஷின் மாதிரி ஓடும் வெர்ச்சுவல்பொக்ஸில் போடுங்கள். 8 ஜிபி ரெம் இருந்தால் சமாளிக்கும், டிஸ்க்கைப் பிரிக்கவே தேவையில்லை.

ஏற்கெனவே 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதை அழுத்திவிட்டீர்களா? உடனே மெஷினை நிறுத்துங்கள். யூடியூப் பார்த்து மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்காதீர்கள். அணைத்தபடியே கொண்டுவாருங்கள்.