டூயல் கிரெடிட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

டெக்சஸில் இருக்கிற உறவுக்காரர் தண்டையார்பேட்டைக்குப் போன் போட்டு, "பெரியவ டூயல் கிரெடிட்ல நாலு பேப்பர் முடிச்சுட்டா, காலேஜ் ஃபீஸ் அந்த அளவுக்கு மிச்சம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே கேட்கிறவருக்கு இரண்டு சந்தேகம் வரும். பிளஸ் டூவே முடிக்காத பிள்ளை எப்படி காலேஜ் பேப்பர் முடித்தது? கிரெடிட் என்றால் கடனாச்சே, இப்போதே லோன் போட்டுவிட்டார்களா?

முதல் சந்தேகத்துக்குப் பதில் எளிது. அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரையிலான நான்கு ஆண்டுகள். அங்கே படிக்கும்போதே பக்கத்துக் கல்லூரியின் பாடம் ஒன்றை எடுத்துத் தேறினால், அந்த ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். இதுதான் டூயல் கிரெடிட். இரண்டு இடத்திலும் மாணவராகப் பதிந்திருப்பதற்கு டூயல் என்ரோல்மென்ட் என்று பெயர். மினசோட்டா மாநிலம் 1985-லேயே இதற்குச் சட்டம் போட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் 2011-ல் ஐபிஎம் கைகோத்துத் தொடங்கிய பி-டெக் பள்ளி இன்னும் ஒருபடி மேலே போய், பள்ளியையும் ஈராண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் தொழில் பயிற்சியையும் ஆறு ஆண்டுக்குள் ஒரே கயிற்றில் கட்டியது.

இரண்டாவது சந்தேகம்தான் நம்முடையது. கிரெடிட் என்ற சொல் வடசென்னையில் தினமும் புழங்குகிறது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மாதம் ₹1,000 வருகிற பிள்ளைகள் "கிரெடிட் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொள்வது பணத்தை. அதே பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கு நேராகவும் கிரெடிட் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 4 என்றோ 2 என்றோ போட்டிருக்கும். பாஸ் ஆனோமா என்று பார்ப்பார்கள், அந்தக் கட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த 4 மதிப்பெண் இல்லை, பாடத்தின் எடை. 45 வாங்கித் தேறியவளுக்கும் 4, 92 வாங்கியவளுக்கும் 4. தவறினால் சைபர். நன்றாகப் படித்தாளா என்பதை கிரேடு பாயிண்ட் சொல்லும், எவ்வளவு படித்தாள் என்பதைக் கிரெடிட் சொல்லும். 4 கிரெடிட் பாடத்தில் 9 பாயிண்டும் 2 கிரெடிட் பாடத்தில் 6 பாயிண்டும் எடுத்தால் சராசரி ஏழரை வராது. நாலொன்பது முப்பத்தாறு, ஈராறு பன்னிரண்டு, கூட்டினால் 48. அதை 6 கிரெடிட்டால் வகுத்தால் 8. கனமான பாடத்தில் எடுத்த மார்க் அதிகமாக இழுக்கிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால், லத்தீனில் 'கிரேடரே' என்றால் நம்புதல், 'கிரேடிட்டும்' என்றால் நம்பி ஒப்படைத்தது. நம்பிக் கொடுத்ததால் கடனுக்கும் அதே பெயர், நம்பிக்கை சம்பாதித்ததால் நற்பெயருக்கும் அதே பெயர். இதே வேரிலிருந்து வடமொழியில் பிறந்ததுதான் 'சிரத்தா'. நாம் பிள்ளைகளிடம் "கொஞ்சம் சிரத்தையாப் படியேன்" என்று கெஞ்சுகிறோமே, அந்தச் சிரத்தையும் கிரெடிட்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள்.

படிப்பை எண்ணும் அளவாக இது கெட்டிப்பட்ட கதை விசித்திரமானது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி 1905-ல் ஒரு கோடி டாலர் கொடுத்து, கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் தர ஓர் அறக்கட்டளை வைத்தார். எது உண்மையான கல்லூரி, யாருக்குப் பென்ஷன் என்ற கேள்வி வந்தது. பள்ளியில் ஒரு பாடத்தை ஆண்டுக்கு 120 மணி நேரம் படித்தால் ஒரு யூனிட், அப்படி 14 யூனிட் முடித்தவரைச் சேர்ப்பதே கல்லூரி என்று வரையறுத்தார்கள். வாத்தியார் பென்ஷனுக்காகப் போட்ட மணிக்கணக்கு மாணவர் தலையில் நின்றுவிட்டது. இந்தியாவில் 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பும் மணிக்கணக்குதான்: 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். வகுப்பறைப் பாடத்தோடு பட்டறைப் பயிற்சியையும் இதில் எண்ணலாம் என்கிறது அது.

தமிழுக்கு வருவோம். எந்திர மொழிபெயர்ப்பு கண்ணை மூடிக்கொண்டு 'கடன்' என்று போட்டுவிடும். 'கல்விக் கடன்' என்று எழுதினால் படிக்கிறவர் பேங்க் மேனேஜரைத்தான் நினைப்பார். 'மதிப்பெண்' தவறு, காரணம் மேலே சொன்னதுதான். 'புள்ளி' என்பதை கிரேடு பாயிண்ட் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. 'அலகு' என்றால் பாடப்புத்தகத்தின் அலகு 1, அலகு 2 நினைவுக்கு வரும். இலங்கையில் 'திறமைச் சித்தி' என்று அழகான சொல் உண்டு. ஆனால் அது தேர்வில் வாங்கும் ஒரு தரம். நமக்கு வேண்டியது எடை.

எனக்குப் பிடித்த சொல் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கணக்கு நோட்டில் இருக்கிறது. சரக்கு எடுத்துக்கொண்டு அப்புறம் தருகிறேன் என்றால் 'பற்று' எழுதுவார்கள். பணம் கட்டினால் 'வரவு வைப்பார்கள்'. பேச்சில் 'பத்து வரவு'. ஆங்கிலம் இரண்டுக்கும் கிரெடிட் என்றே சொல்லிக் குழப்புகிறது, தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகத்திலும் கிரெடிட் என்றால் வரவுதான். எனவே படிப்பில் கிடைக்கும் கிரெடிட்டைப் 'பாட வரவு' எனலாம். "நாலு வரவுப் பாடம்", "இந்த டிகிரிக்கு 120 வரவு வேணும்" என்றெல்லாம் சொல்லிப் பாருங்கள், நாக்கில் உறுத்தவில்லை.

டூயலை 'இரட்டை' என்று போட எனக்கு மனம் வரவில்லை. 'இரட்டை வரவு' என்று கேட்டால் எந்தக் கணக்குப்பிள்ளையும் நிமிர்ந்து உட்காருவார், ஒரே தொகையை ஒரே நோட்டில் இரண்டு தடவை ஏற்றியது போலத் தொனிக்கும். இங்கே நோட்டு இரண்டு. அதனால் 'ஈரிட வரவு', சேர்க்கைக்கு 'ஈரிடச் சேர்க்கை'. உயிரெழுத்துக்கு முன் இரண்டு 'ஈர்' ஆவது வழக்கம்தானே.

சொல் கிடைத்தது, அந்த ஏற்பாடு நம்மிடம் உண்டா என்றால், பாதி உண்டு. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே வொகேஷனல் என்கிற தொழிற்பிரிவும் வந்தது. அதில் தேறியவரும், பத்தாவது முடித்து இரண்டாண்டு ஐடிஐ படித்த ஃபிட்டர், டர்னரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இதற்குப் பெயர் 'டைரக்ட் செகண்ட் இயர்'. டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கிலும் அதேபோல் ஒரு டைரக்ட் செகண்ட் இயர். வெல்டர் ஓராண்டு டிரேடு என்பதால் அவனுக்கு இந்த வாசல் இல்லை. "மார்க் கம்மி, வொகேஷனல்ல போட்டுடுங்க" என்று அலட்சியமாகச் சொல்லும் வீடுகளில் இந்த ஒரு வருட லாபத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

ஆனால் இது ஈரிட வரவு ஆகாது. இங்கே மொத்தமாக ஓர் ஆண்டைத் தள்ளுபடி செய்கிறார்கள், பாடம் பாடமாக வரவு வைப்பதில்லை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் அப்ரண்டிஸ் முடித்தவனுக்கு உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். கட்டமைப்பு எண்ணலாம் என்றாலும், அவன் பட்டறையில் நின்ற மணி நேரம் டிகிரியில் தானாக ஏறிவிடுவதில்லை. இதற்குச் சற்று அருகில் வருவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி: வேறு போர்டில் தேறிய இரண்டு பாடங்கள் வரை அப்படியே ஏற்றுக்கொண்டு, மிச்சத்தை மட்டும் எழுதச் சொல்கிறது.

அமெரிக்காவிலும் எல்லா நோட்டும் எல்லாக் கடையிலும் செல்லாது. உள்ளூர் அரசுக் கல்லூரி தந்த வரவை வேறு மாநிலக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ ஏற்க மறுக்கலாம். பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரப் பாடத்தில் எழுதும், 1955-ல் தொடங்கிய ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்விலும் 5-க்கு எத்தனை வாங்கினால் வரவு என்பதை அந்தந்தக் கல்லூரிதான் முடிவு செய்கிறது. லத்தீன்காரர் சொன்ன நம்பிக்கை வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே "பள்ளியிலேயே காலேஜ் கிரெடிட்" என்று பளபளப்பாக நோட்டீஸ் நீட்டுகிறவரிடம், "எந்தக் காலேஜு, எந்தப் பாடத்துக்கு, எத்தனை வரவு வைப்பீங்க? எழுத்துல குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.