பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டதா? தடை எங்கே என்று முதலில் பாருங்கள்

தவணை வரவில்லை என்றதும் பலரும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார்கள். தடை பட்டாவில் இருந்தால் வங்கி மேலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அலைச்சல்தான் மிச்சம்.

மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச் என 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணை. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்ததுதான் ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவருமே வாங்கினால் பணம் நிறுத்தப்படும். தொடக்கத்தில் இருந்த 2 ஹெக்டேர் வரம்பு 2019-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் உண்டு.

பி.எம். கிசான் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து உங்கள் நிலையைப் பாருங்கள். எண் மறந்திருந்தால் கைப்பேசி எண் அல்லது ஆதார் எண் மூலம் அங்கேயே எடுக்கலாம். இ-கேஒய்சி (ஆதார் மூலம் உங்கள் அடையாளத்தை உறுதிசெய்வது), ஆதார் வங்கி இணைப்பு, நில விவரம் ஆகிய மூன்றுக்கும் 'யெஸ்' இருக்க வேண்டும். எதற்கு 'நோ' இருக்கிறதோ, அங்கேதான் வேலை.

இ-கேஒய்சி எளிது. ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபியைக் கொண்டு நீங்களே முடிக்கலாம். எண் இணைக்காதவர்கள் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். ரேகை தேய்ந்த முதியவர்களுக்கு பி.எம். கிசான் செயலியில் முகப்பதிவு வசதி இருக்கிறது.

வங்கி இணைப்பில்தான் குழப்பம் அதிகம். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரைக் கணக்கோடு இணைப்பது வேறு. இரண்டாவதற்கு வங்கியில் தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் இப்படி இணைந்திருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். வேறு எதற்கோ அஞ்சலகத்தில் தொடங்கிய கணக்கில் தவணை விழுந்திருக்க, பழைய பாஸ்புக்கில் தேடிக்கொண்டிருப்பது சகஜம். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம்.

நில விவரத்தில் 'நோ' என்றால் பட்டா, சிட்டா, ஆதார் நகல்களோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அங்கேயும் வேலை நடக்காது. வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை வழியாகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்த பிறகுதான் மற்றது. கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே பெறலாம். நிலம் 2019 பிப்ரவரி 1-ம் தேதியன்று உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் கிரயம் வாங்கியவருக்குக் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசாகப் பெற்றவருக்கு மட்டும் உண்டு. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் புதிய விண்ணப்பத்துக்கு விவசாயிகள் தனித்துவ அடையாள எண்ணும் தேவை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. தகுதியின்மையால் நிராகரிக்கப்படாமல் வேறு காரணத்தால் தவணைகள் நின்றிருந்தால், கோளாறைச் சரிசெய்ததும் நிலுவையும் சேர்த்துக் கிடைக்க விதி இருக்கிறது. "பழையது போனது போனதுதான்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். 155261 என்ற பி.எம். கிசான் உதவி எண்ணில் கேளுங்கள்.

வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்குத் தகுதி இல்லை. அரசின் கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் பணியையும் ஓய்வூதியத்தையும் பற்றிய இந்தத் தடை இல்லை. கோயில் நிலமோ தனியார் நிலமோ, குத்தகைக்கு உழுபவருக்கும் பணம் இல்லை. வியர்வை சிந்துபவரை விட்டுவிட்டுப் பட்டாவை மட்டும் பார்ப்பது இத்திட்டத்தின் பெருங்குறை. தகுதி இல்லாமல் வாங்கியவர்களிடம் பணம் திரும்ப வசூலிக்கப்படும். இணையதளத்திலேயே திருப்பிச் செலுத்தலாம்.

வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் பெயரில் வரும் ஏபிகே கோப்பை (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) தொடாதீர்கள். நிறுவினால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும். செயலியை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள்.