மாத்யூ பாரிஸ் சுரண்டிய வரிகள்

1247 அக்டோபர் 13. லண்டனில் பெரிய விழா. இயேசுவின் இரத்தம் என்று எருசலேமிலிருந்து வந்த குப்பியை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி தன் கையிலேயே ஏந்தி, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் வரை நடந்தே வந்தார். பிறகு அரியணையில் அமர்ந்தவர், கூட்டத்தில் ஒரு துறவியைப் பார்த்துவிட்டு அருகில் அழைத்தார். படியில் உட்காரவைத்து, கண்டதையெல்லாம் விடாமல் எழுதச் சொன்னார்.

அந்தத் துறவிதான் மாத்யூ பாரிஸ். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் 1217இல் சேர்ந்து, 1259 வாக்கில் இறந்தவர். 'க்ரோனிகா மஜோரா' என்ற பெரிய லத்தீன் வரலாற்றில் அரண்மனை அரசியலை ஆண்டுவாரியாக எழுதினார். மன்னர் பிடுங்கிய பணம், வெளிநாட்டு உறவினர்களுக்கு வாரிக் கொடுத்த பதவிகள், ரோமில் இருந்த போப்பிடமிருந்து வந்த நெருக்கடி என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதே மன்னர் 1257இல் மடத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கினார். மாத்யூவைத் தன் மேசையில் உட்காரவைத்துப் பிரபுக்களின் பட்டங்களைச் சொல்லச் சொல்ல, இவர் எழுதிக்கொண்டார்.

மன்னருக்கு இவ்வளவு நெருக்கத்தில் இருந்துகொண்டு அப்படியொரு புத்தகத்தை எழுதி வைத்திருந்தால் மாத்யூவுக்குப் பயம் வராதா? சூடான பகுதிகளின் ஓரத்தில் 'ஒஃபெண்டிகுலும்' என்று பின்னாளில் குறித்து வைத்தார். மனம் புண்படும் இடம் என்று பொருள். சில வரிகளைக் கத்தியால் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் சாந்தமான வரிகளை எழுதினார். முதலில் துணிந்து எழுதிய கைதான் அதையும் செய்தது என்பது எனக்கு மனதைத் தொடும் விஷயம்.

சரி, ஏன் சுரண்ட வேண்டும்? ஈரத்துணியால் துடைத்தால் போகாதா? போகாது. அந்தக் கால ஐரோப்பிய மையின் வேதியியல் அப்படி.

ஓக் மரத்தின் மொட்டில் ஒரு குளவி முட்டையிடும். அந்த இடம் வீங்கிக் காய் போல உருண்டுவிடும். நம் நாட்டு மருந்துக்கடையில் மாசிக்காய் என்று கொடுக்கிறார்களே, அதுவும் இப்படி உண்டாவதுதான். வாயில் வைத்தால் நாக்கு இழுக்கும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதில் அவ்வளவு இருக்கிறது. இதை இடித்து ஊறவைத்த சாறில் அன்னபேதியைப் போட வேண்டும். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். அப்புறம் கொஞ்சம் வேலம்பிசின். மை தயார்.

எழுதும்போது மை வெளிறித்தான் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரும்பு வேறொரு நிலைக்கு மாறி, டானினோடு இறுகப் பிணைந்து, தண்ணீரில் கரையாத கறுப்பாகிவிடும். கெட்டியான தேநீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதே கறுப்பைப் பார்க்கலாம்.

மை வெறுமனே மேலே படிந்து நிற்பதில்லை. எழுதும் தளமோ தோல். ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்த தாள் அது. மை அதன் நார்களுக்குள் இறங்கிவிடும். கத்தி மேல்படலத்தை எடுக்கும். உள்ளே இறங்கிய இரும்பு கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது.

அப்படிச் சுரண்டிய தோலை இருட்டறையில் வைத்துப் புற ஊதா ஒளி பாய்ச்சினால் நிலைமை மாறும். தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதம் அந்த ஒளியை வாங்கி நீலமாக மின்னும். இரும்பு தங்கிய இடமோ ஒளியை விழுங்கிவிடும், மின்னாது. மின்னும் நீலத்தின் நடுவே பழைய எழுத்துகள் கருங்கோடுகளாக எழுந்து வரும். அகச்சிவப்பு ஒளி இதற்கு உதவாது, இந்த மை அதில் கிட்டத்தட்ட மறைந்தே போகும்.

மேலே புது வரி எழுதியிருந்தால் வேலை கடினம். அதனால் பல நிற ஒளிகளில் படமெடுத்து, இரண்டு எழுத்துகளும் எந்த நிறத்தில் எப்படி வேறுபடுகின்றன என்று கணினியில் ஒப்பிட்டு, கீழுள்ளதைத் தனியே பிரிக்கிறார்கள். கத்தி ஆழமாகப் போன இடங்களில் மட்டும் எதுவும் தேறுவதில்லை.